எச்.ஐ.வி. உள்ளோரும் புகைப்பழக்கமும்: விழிப்புணர்வுப் பரப்புரைகள் பற்றிய ஒரு திறனாய்வு

எச்.ஐ.வி. பற்றியும் புகையிலை பற்றியும் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக விழிப்புணர்வுப் பரப்புரைகள் நடந்து வருகின்றன. சுவரொட்டி, விளம்பரப் பலகை, வானொலி, திரையரங்குக் குறும்படம் எனப் பல வழிகளில் இவை மக்களை அடைந்துள்ளன. ஆனால் இரண்டும் தனித்தனிப் பாதையில் சென்றுவிட்டன. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்துகொண்டே பீடியோ சிகரெட்டோ பிடிக்கும் ஒருவரிடம் இவற்றில் எதுவும் நேரடியாகப் பேசவில்லை. இன்று அவருடைய ஆயுளைக் குறைப்பதில் புகைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் இக்குறை கவனிக்கத்தக்கது.

பின்னணி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அந்த ஆய்வைச் செய்தனர். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தொடக்க மையங்களுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அது 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தோன்றிய நிறுவனமாகும். எச்.ஐ.வி. உள்ளோரின் உயிரைப் பறிக்கும் நோய்களுள் காசநோய் முதன்மையானது என்பதால், நுரையீரல் மருத்துவமனை ஒன்று இச்சிகிச்சையின் மையமாகவும் ஆனதில் வியப்பில்லை.

புள்ளிராஜாவின் வெற்றியும் எல்லையும்

2000-களின் முற்பகுதியில் தமிழ்நாட்டுச் சாலைகளில் புள்ளிராஜா என்ற கற்பனை மனிதரின் பெயர் பெரிய பலகைகளில் இடம்பெற்றது. அவருக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வி மக்களைப் பேச வைத்தது. நகைச்சுவைப் பேச்சிலும் புகுந்தது. வெளிப்படையாகப் பேசக் கூசிய ஒரு செய்தியைத் தேநீர்க்கடை வரை கொண்டு சென்றது அதன் பெரிய வெற்றி.

ஆனால் அந்தக் கேள்வி தொற்று வருவதோடு நின்றுவிடுகிறது. வந்த பிறகு புள்ளிராஜா எப்படி வாழ்வார் என்பதற்கு அதில் இடமில்லை. இலவச மருந்து கிடைக்காத காலத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. மருந்து கிடைத்துப் பல்லாயிரம் பேர் பிழைத்து வாழத் தொடங்கிய பின்பும் பரப்புரையின் கவனம் பெரும்பாலும் தடுப்பிலேயே நின்றது, அதுதான் குறை.

பஞ்சு விளம்பரம்

புகையிலைத் தரப்பில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த பொது இடப் புகைத்தடை விதிகளும், 2012 அக்டோபர் 2 முதல் வந்த திரைப்பட எச்சரிக்கை விதிகளும் முக்கியமானவை. நுரையீரலைப் பஞ்சாக உருவகித்து, அதைப் பிழிந்து கருந்தாரை எடுத்துக் காட்டும் குறும்படத்தைத் திரையரங்கில் பார்க்காதவர் குறைவு. எழுத்தறியாதவருக்கும் விளங்கும் உருவகம் அது.

எனினும் அது எல்லோருக்கும் பொதுவான அச்சத்தையே காட்டுகிறது. ஏற்கெனவே ஒரு பெரிய அச்சத்தைக் கடந்து வந்தவரை அது அசைப்பது கடினம். "இதைவிடப் பெரியதையே பார்த்துவிட்டேன், பீடி என்ன செய்துவிடும்?" என்பது அவர் மனநிலையாக இருக்கலாம். அதற்குரிய விடை அந்தப் பஞ்சில் இல்லை.

சான்றுகள் காட்டுவது

டென்மார்க்கில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, முறையாகச் சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. உள்ளோரின் ஆயுளைக் கணக்கிட்டது. 35 வயதுள்ள ஒருவர் எச்.ஐ.வி.யால் இழப்பது சுமார் 5 ஆண்டுகள். புகைப்பதால் இழப்பது சுமார் 12 ஆண்டுகள். அமெரிக்காவில் 2017-இல் வெளியான மதிப்பீடு ஒன்றின்படி, மருந்தைத் தவறாமல் உட்கொண்டும் புகைப்பவர்கள் எய்ட்ஸ் சார்ந்த நோய்களால் இறப்பதைவிட நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 6 முதல் 13 மடங்கு அதிகம்.

செல்வ நாடுகளின் இந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. இங்கே காசநோய் கூடுதலாகச் சேர்கிறது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து வி. கஜலட்சுமி உள்ளிட்டோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்களிடம் காசநோய் இறப்பு ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது. எச்.ஐ.வி.யும் காசநோய் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது. இரண்டும் ஒரே உடலில் சேரும்போது நிலைமை எவ்வாறிருக்கும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஏ.ஆர்.டி. மருந்து வைரசைக் கட்டுப்படுத்தும். புகையிலிருந்து நுரையீரலையும் இரத்தக் குழாய்களையும் காக்காது. வைரஸ் அடங்கியிருந்தாலும் உடலில் சிறு அளவில் அழற்சி தொடர்கிறது. புகை அதை மேலும் தூண்டி மாரடைப்பு, நிமோனியா ஆகியவற்றுக்கு வழி வகுக்கிறது.

யார் சொல்வது?

உத்திரமேரூர் வட்டத்துப் பெருநகர் போன்ற சிற்றூரில் ஒருவர் தம் தொற்றைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லத் தயங்குவார். ஆகவே "உன் உடம்புக்கு இது கூடவே கூடாது" என்று அக்கறையோடு தடுக்க ஊரில் ஆள் இருக்காது. பெட்டிக்கடையில் பீடி கேட்கும்போது அவரும் பத்தோடு பதினொன்று. அவர் ஒளிவுமறைவின்றிப் பேசக்கூடிய இடம் பெரும்பாலும் மருந்து வாங்கும் மையம் மட்டுமே. பலகையும் திரையும் செய்ய முடியாததை அங்குள்ள ஆலோசகர் செய்ய முடியும்.

"ஏற்கெனவே துன்பப்படுபவரிடம் அந்தச் சிறு ஆறுதலையும் பறிப்பதா?" என்று சிலர் கேட்பர். இரக்கத்தில் எழும் கேள்விதான். ஆனால் மருந்தால் மீட்ட ஆண்டுகளைப் புகையிடம் தோற்கவிடுவது இரக்கமாகாது. அதே வேளையில், இன்னொரு பழியைச் சுமத்தும் தொனியும் உதவாது. குற்றவாளியைப் போல் விசாரித்தால் அவர் அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டார். மருந்து வாங்க வருவதற்கே தயங்கவும் கூடும்.

செய்யத்தக்கவை

மருந்து வாங்க வரும் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பது போல, இருமல் உண்டா என்று கேட்பது போல, புகைப்பழக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசியப் புகையிலை ஒழிப்பு உதவி எண்ணைத் தரலாம். பீடியை விட்டுப் புகையிலை மெல்லத் தொடங்குவது விடுதலை ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகை விடுவதற்கான மருந்துகளைத் தாமே வாங்காமல் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேட்டு உட்கொள்வதே முறை; அவற்றுள் சில, எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றோடு சேரும்போது அளவு மாற்றம் தேவைப்படலாம்.

புள்ளிராஜா இன்று இருந்தால் அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கலாம். எய்ட்ஸ் வருமா என்று அவரைப் பற்றி ஊரெல்லாம் கேட்டாயிற்று. புகையை விட்டீர்களா என்று அவரிடமே கேட்கும் பரப்புரை இனிமேல்தான் வர வேண்டும்.