சுவரை விட்டு மேசைக்கு

சிறு நகரமோ பெருநகரத்தின் ஒரு மூலையோ, சின்னக் காட்சிக்கூடங்களில் நடக்கும் கண்காட்சிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கின்றன. வெள்ளைச் சுவர், கண் உயரத்துக்கு வரிசையாகச் சட்டகங்கள், ஓரமாக ஒரு குறிப்பு, அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். திறப்பு விழா அன்று டீ, சமோசா, கூட்டம். மறுநாளிலிருந்து அறை காலி. வருகிற நாலு பேரும் ஒரு ரவுண்டு சுற்றி, இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். 'நம்ம ஆளுங்களுக்கு ரசனை இல்லை' என்று சலித்துக்கொள்வது சுலபம். உட்கார ஒரு நாற்காலிகூடப் போடாத இடத்தில் ஒருவர் எவ்வளவு நேரம்தான் நிற்பார்?

இந்தக் கேள்வியோடு தா. சனாதனனின் படைப்புகளுக்குப் போகலாம். ஓவியர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிப்பவர். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சிக்காக, மக்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த பொருட்களைக் கேட்டு வாங்கி ஒரு நிறுவலைச் செய்தார். 1981இல் எரிக்கப்பட்ட நூலகம் அது. புத்தகங்கள் சாம்பலான கட்டடத்துக்குள், வீடுகளில் தப்பிப் பிழைத்தவை சாட்சியாக வந்து உட்கார்ந்தன. பார்க்க வந்தவர்களில் பலர் பொருள் கொடுத்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். அங்கே பார்வையாளர் விருந்தாளி இல்லை, பங்காளி.

2011இல் வந்த 'நிறைவுறாத தோம்பு' இன்னும் ஒரு படி மேலே போகிறது. தோம்பு என்பது போர்த்துக்கீசரும் டச்சுக்காரரும் இலங்கையில் வைத்திருந்த காணிப் பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று அரசு எழுதிவைத்த கணக்கு. சனாதனன் அந்த வடிவத்தை எடுத்து, இழந்தவர்கள் கையில் கொடுக்கிறார். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், தமிழரும் முஸ்லிம்களும், தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். அப்படி 80 வீடுகள். ஒவ்வொன்றுக்கும் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த படம் ஒன்று, சனாதனன் தீட்டிய சித்திரம் ஒன்று. எல்லாம் சேர்ந்து அலுவலகக் கோப்பு போன்ற ஒரு புத்தகம்.

முதல் படத்தில் அளவுகோல் கிடையாது, நினைவுதான் அளவு. இரண்டாவதில் கோடுகள் நேராகின்றன, மூலைகள் செங்கோணமாகின்றன. வீடு ஆவணமாக மாறுகிறது. ஆவணத்துக்குள் வருவதற்காக ஒரு வீடு எதையெல்லாம் இழக்க வேண்டியிருக்கிறது என்பது இந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில் பக்கத்தைப் புரட்டுகிற கைக்குத் தெரிந்துவிடுகிறது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதும் இதே பதிவேட்டில் வருவதால், 'எங்கள் இழப்பு' என்று ஒரு தரப்பு மட்டும் இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இந்த நேர்மைதான் இதன் பலம்.

எனக்கு இடறுவது மூன்றாவது படம். முதல் இரண்டும் நமக்காக ஒரு வெற்றிடத்தை விட்டு வைக்கின்றன. அதற்குள் நாம் போவதற்கு முன்பே ஓவியர் போய் நின்றுவிடுகிறார். அவருடைய கோடு அழகானது, சந்தேகமில்லை. ஆனால் நடுங்கிய கையால் வரைந்த வாசலுக்குப் பக்கத்தில் தேர்ந்த கை ஒன்று வரும்போது, எது வலி, எது வலியின் விளக்கம் என்று ஒரு கணம் குழம்புகிறது.

2016இல் கொச்சி பினாலேயில் அவர் வைத்தது நூலக அட்டை அலமாரி. இழுப்பறையைத் திறந்து அட்டைகளை எடுத்துப் படிக்க வேண்டும். சும்மா நின்றால் எதுவும் தெரியாது. சுவரிலிருந்து மேசைக்கு இறங்கும் இந்த வேலையில்தான் சின்னக் காட்சிக்கூடங்களுக்கான பாடம் இருக்கிறது. பெரிய அரங்கம் வேண்டாம், லாரியும் காப்பீடும் வேண்டாம். ஒரு புத்தகம், ஒரு மேசை, நல்ல விளக்கு, இரண்டு நாற்காலி போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆவணம் இப்போது ஃபேஷன். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் பழைய போட்டோ, துருப்பிடித்த பெட்டி, மஞ்சளான கடிதம் என்று அடுக்கியிருக்கிறார்கள். பழசாக இருப்பதாலேயே ஒன்று நினைவாகிவிடாது. அதைக் கொடுத்தவர் யார், அவர் பெயரில் அது பேசுகிறதா, அவர் அந்த அறைக்குள் தயங்காமல் நுழைய முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது அலங்காரம்தான்.

அடுத்த கண்காட்சிக்குத் திட்டமிடுகிறவர்கள் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன்னால் நாற்காலிகளை எண்ணட்டும். குறிப்பைத் தமிழிலும் எழுதட்டும். யாருடைய வாழ்க்கையைக் காட்டுகிறோமோ, முதல் நாற்காலி அவர்களுக்கு.