விதைக்கு விட்ட பீர்க்கங்காய்

ஆடிப் பட்டத்தில் ஊன்றிய பீர்க்கு மார்கழிக்குள் ஓய்ந்துவிடும். பந்தலைப் பிரிக்கக் கிளம்பும் புது விவசாயிகளே, நன்றாகக் காய்த்த கொடியில் இரண்டு காயை மட்டும் பறிக்காமல் விடுங்கள். சந்தையில் அதற்குக் கிடைக்கும் காசு பெரிதல்ல.

அப்படி விட்ட காய் பச்சை மங்கி, பழுப்பேறும்; தூக்கினால் கனமே தெரியாது. காதோரம் ஆட்டினால் கலகலக்கும். நுனியில் சின்ன மூடி ஒன்று தானாகக் கழன்று விழும். கவிழ்த்தால் கறுப்பு விதைகள் பொலபொலவென்று கொட்டும். என்ன நேர்த்தியான ஏற்பாடு! மிஞ்சிய கூடு உடம்பு தேய்க்க நாராகும்.

பீர்க்கு சாயங்காலம் பூக்கும். மகரந்தம் பூச்சி வழியே போகும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் விதை கலந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டிய விதைகளை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, அடுத்த ஆடிக்கு எடுத்து வையுங்கள்.