லாஸ் வேகஸ் வாழ்த்துப் பாட்டு: ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931-ஆம் ஆண்டில் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பாலைவன நடுவிலுள்ள லாஸ் வேகஸ் நகரம் அதனாற் பெருகிற்று. அந்நகரை வாழ்த்தும் ‘விவா லாஸ் வேகஸ்’ என்னும் பாட்டை டாக் போமஸ், மார்ட் ஷூமன் என்ற இருவர் இயற்ற, எல்விஸ் பிரெஸ்லி 1963-இல் பாடிப் பதிவு செய்தார். அதே பெயருடைய படம் 1964-இல் வெளிவந்தது. பாலிக் புலாவில் ஒரு கலியாண வீட்டில் ஒலிபெருக்கி இப்பாட்டை முழங்க, நம் இளைஞர் ஆடக் கண்டோம். பொருளறிந்துதான் ஆடினரோ என்ற ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

“சூதைப் புகழும் பாட்டுக்கு ஆராய்ச்சியும் வேண்டுமோ? குப்பையில் எறிவதன்றோ முறை?” என்று நண்பர் சிலர் கேட்பர். எறிவது எளிது, அறிந்து எறிவதே அறிவுடைமை.

இரவின் விளக்கொளியில் மயங்கிய ஒருவன், நாளொன்று இன்னும் நீளலாகாதா என ஏங்குகிறான். கைப்பொருள் முழுதும் போயினும் களித்ததே லாபம் என்கிறான். விரைந்த முழவோசை கேட்போரைச் சிந்திக்க விடாது இழுத்துச் செல்கிறது. இப்பாட்டின் வன்மையை மறுப்பதற்கில்லை. மேலும், சூதுக்கு ஆள் சேர்ப்போர் தோல்வியை வாய்திறந்து சொல்லார், இப்பாட்டோ சொல்கிறது. இளம்பிள்ளை வாதத்தால் ஊன்றுகோல் கொண்டே நடந்த போமஸ், பிற்காலத்தில் சில ஆண்டுகள் சீட்டாடியே பிழைத்தவர். ஆடுவோன் நெஞ்சம் அவர் அறியாததன்று.

வள்ளுவர் ‘சூது’ அதிகாரத்தில், வென்றாலும் சூது வேண்டா என்றார். வென்ற பொருள், மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு போன்றதாம். பாட்டோ தோற்றாலும் கவலையில்லை என்கிறது. இரண்டும் நேர்மாறாகத் தோன்றும். ஆயினும், இழக்க இழக்கச் சூதின்மேற் காதல் வளரும் என்று அவ்வதிகாரத்து இறுதிக் குறள் கூறுகிறது. எல்விஸ் பாடும் மனிதனை வள்ளுவர் முன்னரே கண்டுவிட்டார்!

அங்ஙனமாயின் குறை எங்கே? பாட்டில் வருபவன் தனியன். அவனுக்கு மனைவி மக்கள் இருப்பதாகச் சொல்லில்லை. தோல்வி அவனோடு முடிந்துவிடுகிறது. நளன் கதை அறிந்த நமக்கு இது முழு உண்மையாகுமோ? சூதாடியவன் நளன், நள்ளிரவில் காட்டிலே கைவிடப்பட்டவள் தமயந்தி.

தோட்டத்துச் சம்பளக் கணக்கெழுதும் நமக்கு இது ஏட்டுக் கதையன்று. சம்பளம் வாங்கிய மறுநாளே முன்பணம் கேட்டு வருவோரை அறிவோம். பலரிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை. சட்டைப் பையில் நாலு நம்பர்ச் சீட்டு எட்டிப் பார்க்கும். பிறரை மட்டும் பழிப்பானேன்? நாமும் நம்பர் எடுத்தோம், ஒருமுறை வென்றோம், அவ்வெற்றி தந்த ஆசையாலேயே ஆறு மாதம் தோற்றோம். வள்ளுவர் சொன்ன தூண்டில் யாதென அன்று அறிந்தோம்.

தோழர்களே! பாட்டைக் கேளுங்கள், ஆடவும் செய்யுங்கள். ஆனால் முழவு ஓய்ந்தபின், உலையேற்றி வைத்து அரிசிக்குக் காத்திருப்பவளுக்கு உரிய பாட்டு எங்கே என்று கேளுங்கள். அதனை வல்லார் தமிழில் எழுதுக.