ஹவ் டு நேம் இட்? (இசைத்தொகுப்பு)

'ஹவ் டு நேம் இட்?' 1986-ல் வெளிவந்த, திரைப்படம் சாராத இளையராஜாவின் இசைத்தொகுப்பு. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாக் மறைந்தது 1750-ல்; தியாகராஜர் பிறந்தது 1767-ல். வாழ்வில் சந்தித்திருக்க முடியாத இருவரையும் பத்து இசைக்கோவைகள் சந்திக்க வைக்கின்றன. பாடல் வரிகள் கிடையாது. வி. எஸ். நரசிம்மனின் வயலினே பேசுகிறது.

இத்தொகுப்பை இடையில் தாண்டாமல் கேட்க வேண்டும் என்பதற்கு அதன் வரிசையே காரணம். ஆறாவது கோவை தியாகராஜரை வரவேற்கிறது. ஏழாவதில் பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முகப்பிசை ஒலிக்கிறது. அதனோடு நம் மரபின் வயலின் இணைகிறது. 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்னும் பொருள்படும் அதன் தலைப்பு, 'பேசினோம்' என்று எட்டாவதில்தான் நிறைவுபெறுகிறது. ஒன்பதாவதின் தலைப்புக்கு 'ஒப்பிடாதே' என்று பொருள்.

ஏழாவதை மட்டும் கேட்பவர் இதைப் பாக்கின் நகல் என்று எண்ணக்கூடும். முன்னும் பின்னும் கேட்டவருக்கு அது விருந்தினரின் குரல் என்பது புரியும்.

குறை ஒன்று உண்டு. தலைப்புகள் எல்லாம் ஆங்கிலம். சொல்லில்லாத இசைக்குத் தலைப்பே வழிகாட்டி. அந்த வழிகாட்டி ஆங்கிலம் அறியாத தமிழ் ரசிகருக்குக் கிட்டவில்லை. ஆயினும், ஒரே அமர்வில் வரிசையாகக் கேட்டால் அந்த உரையாடல் செவிக்கே விளங்கும்.