உடைமாற்றும் அறையில் தோற்கும் அணிகள்

நியூயார்க் எம்பயர்ஸ் பேஸ்பால் அணியின் நட்சத்திரம் டேரன் லெம்மிங். உச்ச ஃபார்மில் இருக்கிறார். பணத்துக்கும் புகழுக்கும் குறைவில்லை. ஒருநாள் செய்தியாளர்களைக் கூப்பிட்டு, தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று சொல்கிறார். சொல்லிவிட்டு வழக்கம்போல அணியோடு வந்து சேர்ந்துகொள்கிறார். அதன்பிறகு எம்பயர்ஸ் சரியத் தொடங்குகிறது.

அப்படி ஓர் அணி எந்த லீகிலும் கிடையாது. ரிச்சர்ட் கிரீன்பெர்க் எழுதிய ‘டேக் மீ அவுட்’ நாடகத்தின் கற்பனை அணி அது. 2002-இல் லண்டனின் டான்மார் வேர்ஹவுஸ் அரங்கில் முதலில் மேடையேறி, 2003-இல் பிராட்வேக்கு வந்தது. அந்த ஆண்டின் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதையும் பெற்றது. 2022-இல் ஸ்காட் எல்லிஸ் இயக்கத்தில் ஹேய்ஸ் அரங்கில் மறுபடி மேடை கண்டபோது, சிறந்த மறுதயாரிப்புக்கான டோனியும் சேர்ந்துகொண்டது. விளையாட்டும் பால்புதுமையர் வாழ்வும் சந்திக்கும் நாடகங்களில் இதற்கு இணையாகப் பேசப்பட்டவை மிகக் குறைவு.

ஓர் அணியின் சரிவை அலசும்போது நிபுணர்கள் வழக்கமாக ஃபார்மையும் காயங்களையும் புள்ளிவிவரங்களையும்தான் புரட்டுவார்கள். கிரீன்பெர்க் புரட்டுவது பேச்சை. நாடகத்தின் முக்கியமான திருப்பங்கள் உடைமாற்றும் அறையில் நிகழ்கின்றன. நேற்றுவரை டேரனுக்குப் பக்கத்தில் துண்டோடு நின்று அரட்டையடித்த டாடி என்ற சக வீரருக்கு, இன்று அங்கே உடை மாற்றக் கூச்சமாக இருக்கிறது. அதை டேரனிடமே புகாராகவும் சொல்கிறார். அணியின் படிப்பாளியான கிப்பி எல்லோரையும் சமாதானப்படுத்த ஓயாமல் பேசுகிறார். ஜப்பானிலிருந்து வந்த பந்தெறி வீரர் கவாபாட்டாவோ யாரோடும் ஒட்டாமல் தனித்து நிற்கிறார். டேரனின் ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரைச் சுற்றி உள்ளவர்களின் பேச்சுதான் தடுமாறுகிறது.

இந்த நேரத்தில் சரிவைத் தடுக்க, கீழ்நிலை லீகிலிருந்து ஷேன் மங்கிட் என்ற பந்தெறி வீரர் வருகிறார். வந்ததும் அணி வெல்கிறது. ஆனால் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சக வீரர்களின் இனத்தையும் டேரனின் பாலீர்ப்பையும் இழிவான சொற்களால் பேசிவிடுகிறார். அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு அந்த இடத்தில் ஜான் ராக்கர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ராக்கர், 1999 டிசம்பரில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழுக்கு அளித்த பேட்டியில் அதே வகைப் பேச்சைப் பேசி இடைநீக்கம் செய்யப்பட்டவர். நாடகத்தில் ஷேனும் இடைநீக்கம் ஆகிறார். மன்னிப்புக் கடிதம் வருகிறது. அணிக்கு அவர் தேவைப்படுவதால் அவரும் திரும்பி வருகிறார். திரும்பிய ஆட்டத்தில் அவர் எறிந்த பந்து, எதிரணியில் ஆடும் டேரனின் நெருங்கிய நண்பர் டேவி பேட்டிலின் உயிரைப் பறிக்கிறது.

இதை மிகை நாடகம் என்று தள்ள முடியாது. 1920-இல் கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையில் பட்டு கிளீவ்லேண்ட் வீரர் ரே சாப்மன் இறந்தது பேஸ்பால் வரலாறு. 2014-இல் சிட்னி மைதானத்தில் பந்து பட்டு ஃபில் ஹியூஸ் சரிந்த காட்சியைப் பார்த்த கிரிக்கெட் ரசிகருக்கு, பந்து எவ்வளவு கொடிய பொருளாக மாற முடியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடிப்பின் பக்கம் வந்தால், ஒரு விவரம் கவனத்துக்குரியது. டேரனின் நிதி ஆலோசகராக வரும் மேசன் மார்சாக் வேடத்துக்கு 2003-இல் டெனிஸ் ஓ’ஹேர் டோனி வென்றார். அதே வேடத்துக்கு 2022-இல் ஜெசி டைலர் ஃபெர்குசன் வென்றார். மேசனும் தன்பால் ஈர்ப்பாளர். விளையாட்டே தெரியாதவர். டேரனின் கணக்கு வழக்கைப் பார்க்க வந்தவர் மெல்ல மெல்ல பேஸ்பால் பித்தராகிறார். மைதானத்துக்கு வெளியே பந்தை அடித்த பிறகும் வீரர் நான்கு முனைகளையும் நிதானமாகச் சுற்றி ஓடிவருவார். அவரை ஆட்டமிழக்கச் செய்ய முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தும் ஆட்டம் நின்று அந்தக் கொண்டாட்டத்துக்கு வழிவிடுகிறதே என்று மேசன் வியக்கும் நீண்ட பேச்சு, இந்த நாடகத்தின் இதயம். எந்தக் கூட்டத்திலும் தனக்கு இடமில்லை என்று நினைத்த ஒருவர் முதல்முறையாக ரசிகர் கூட்டத்தில் ஒருவராகிறார். உடைமாற்றும் அறை டேரனைத் தள்ளிவைக்கும் அதே பருவத்தில் கேலரி மேசனைச் சேர்த்துக்கொள்கிறது.

மேடையில் நிஜமாகவே தண்ணீர் கொட்டும் குளியலறைக் காட்சி உண்டு. நடிகர்கள் ஆடையின்றி நிற்கிறார்கள். பரபரப்புக்காக வைத்த காட்சி என்று தோன்றலாம். ஆனால் நாடகத்தின் கேள்வியே அங்கேதான் இருக்கிறது: இத்தனை காலம் இயல்பாக இருந்த உடம்புகள் ஒரே ஓர் அறிவிப்பால் ஏன் ஒன்றையொன்று பார்க்கத் தயங்குகின்றன? 2022-இல் பார்வையாளர்களின் கைபேசிகளைப் பூட்டிய பைகளில் போட்டு வைத்தும், டேரனாக நடித்த ஜெசி வில்லியம்ஸின் குளியலறைக் காட்சியை யாரோ படம் பிடித்து இணையத்தில் விட்டார்கள். அரங்க நிர்வாகமும் நடிகர் சங்கமும் அதைக் கடுமையாகக் கண்டித்தன. நடிகர்கள் நம்பி ஒப்படைத்ததை ஒருவர் திருடியதாகத்தான் இதைக் கொள்ள வேண்டும்.

நிஜ மைதானத்தின் நிலவரம் என்ன? 1970-களில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு ஆடிய கிளென் பர்க்கின் பாலீர்ப்பு சக வீரர்கள் பலருக்குத் தெரியும். ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டால் பணம் தருவதாக நிர்வாகம் பேரம் பேசியது என்று அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்று உலகமே கைதட்டிக்கொள்ளும் ‘ஹை ஃபைவ்’, 1977-இல் அவரும் சக வீரர் டஸ்டி பேக்கரும் தொடங்கிவைத்தது என்பார்கள். வெளிப்படையாகப் பேச அவருக்கு ஓய்வுக்குப் பிறகு 1982 வரை ஆனது. இன்னொரு பேஸ்பால் வீரரான பில்லி பீன் சொன்னதும் ஓய்வுக்குப் பிறகு, 1999-இல். ‘டேக் மீ அவுட்’ எழுதப்பட்டு 20 ஆண்டுகள் கழித்து மறுபடி மேடையேறியபோதுகூட, மேஜர் லீகில் ஆடிக்கொண்டிருக்கும்போதே டேரனைப்போல் அறிவித்த வீரர் ஒருவரும் இல்லை.

இத்தனை சிறப்பும் உள்ள நாடகத்தில் ஒரு பெரிய குறை உண்டு. டேரன் யாரைக் காதலிக்கிறார்? தெரியாது. அவருக்குத் துணை என்று ஒருவரும் மேடைக்கு வருவதில்லை. அறிவிப்பும் அதன் விளைவுகளும் இருக்கின்றன, காதல் மட்டும் இல்லை. எதிர்ப்பவர்களின் குரலுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை டேரனின் அந்தரங்க வாழ்வுக்குக் கொடுத்திருந்தால் நாடகம் இன்னும் உயர்ந்திருக்கும்.

அப்படி விடுபட்ட இடத்தைப் பிடித்தது ஜான் டானெல்லியின் ‘தி பாஸ்’. 2014 ஜனவரியில் லண்டன் ராயல் கோர்ட்டில் ரஸல் டோவி நடிக்க வந்தது. பெரிய ஆட்டத்துக்கு முந்தைய இரவில், விடுதி அறை ஒன்றில் ஜேசன், ஏட் என்ற இரண்டு இளம் கால்பந்து வீரர்கள். கிண்டலும் மல்லுக்கட்டும் சட்டென்று வேறொன்றாக மாறும் கணம் வருகிறது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடும் கதையில், அந்தக் கணத்தை மறுத்து ஜேசன் பெரிய நட்சத்திரமாகிறான். வதந்திகளை அடக்க ஒரு பெண்ணோடு கழித்த இரவுகூட அவனுக்கு ஆயுதமாகிறது. மேடையில் ஒரு கால்பந்து ஆட்டமும் நடப்பதில்லை. விடுதி அறைகள் மட்டும்தான். நாடகம் வந்த அதே ஜனவரியில்தான் ஜெர்மனியின் முன்னாள் சர்வதேச வீரர் தாமஸ் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர் தன் பாலீர்ப்பை அறிவித்தார். அவரும் ஓய்வு பெற்ற பிறகே.

வேல்ஸில் கதை வேறு விதம். ரக்பியில் அந்நாட்டுக்காக முதலில் 100 ஆட்டங்களைத் தொட்ட கேரத் தாமஸ், 2009 டிசம்பரில், ஆடிக்கொண்டிருக்கும்போதே வெளிப்படையாகச் சொன்னவர். அவரிடமும் அவருடைய ஊரான பிரிட்ஜெண்ட் மக்களிடமும் எடுத்த பேட்டிகளின் சொற்களைக் கொண்டே ராபின் சோன்ஸ் ஒரு நாடகம் அமைத்தார். ரக்பி நடுவரின் பழைய கட்டளைச் சொற்களைத் தலைப்பாகக் கொண்ட ‘க்ரவுச், டச், பாஸ், எங்கேஜ்’, 2015-இல் கார்டிஃபில் மேடையேறியது. இதில் ஆறு நடிகர்கள், பெண்கள் உட்பட, மாறி மாறித் தாமஸாகிறார்கள். பந்து யார் கைக்குப் போகிறதோ அவர்தான் அப்போது தாமஸ். ஒரு மனிதரின் தவிப்பை ஓர் ஊரே கைமாற்றிச் சுமக்கும் உணர்வு வருகிறது. 2007, 2008 ஆண்டுகளில் பிரிட்ஜெண்டில் இளைஞர்கள் பலர் தற்கொலை செய்துகொண்ட துயரத்தையும் நாடகம் தொடுவதால் அந்தச் சுமை இன்னும் கனக்கிறது.

தாமஸின் வாழ்க்கையில் உடைமாற்றும் அறைதான் அவரைக் காப்பாற்றியது. 2006-இல் அங்கே உடைந்துபோன அவர் பயிற்சியாளர் ஸ்காட் ஜான்சனிடம் உண்மையைச் சொன்னார். ஜான்சன் இரண்டு மூத்த வீரர்களிடம் சொல்ல, அவர்கள் வந்து தாமஸின் முதுகைத் தட்டி, அது தங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்றார்கள். எம்பயர்ஸ் வீரர்களுக்குக் கடைசிவரை வராத பேச்சு அது.

களத்தில் நிஜமாகவே ஓர் உயிர் போன கதை குத்துச்சண்டை வீரர் எமில் கிரிஃபித்துடையது. 1962 மார்ச் 24, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எடை பார்க்கும் நேரத்தில் எதிராளி பென்னி பாரெட் தன்பால் ஈர்ப்பைக் குறிக்கும் வசைச்சொல்லால் அவரைச் சீண்டினார். 12-வது சுற்றில் கயிற்றில் சிக்கிய பாரெட்டை கிரிஃபித் தொடர்ந்து குத்தினார். பத்து நாள் நினைவின்றிக் கிடந்து பாரெட் இறந்தார். மைக்கேல் கிறிஸ்டோஃபர் பாடல் வரிகள் எழுத, டெரன்ஸ் பிளான்சார்ட் இசையமைத்த ‘சாம்பியன்’ இசைநாடகம் 2013-இல் செயின்ட் லூயிஸில் தொடங்கி 2023-இல் மெட்ரோபாலிடன் ஆபராவை எட்டியது. இதே வாழ்க்கையை கிறிஸ்டோஃபர் ‘மேன் இன் தி ரிங்’ என்ற வசன நாடகமாகவும் எழுத, 2016-இல் சிகாகோவில் அது அரங்கேறியது. இசைநாடகத்தில் சிறுவன், இளைஞர், மறதிநோய் கண்ட முதியவர் என மூன்று கிரிஃபித்துகள் பாடுகிறார்கள். தன் ஷூவை எங்கே வைப்பது என்றே தெரியாத முதியவருக்கு, பாரெட் மட்டும் மறக்கவில்லை.

2022 மே மாதம், பிளாக்பூல் கால்பந்து அணியின் 17 வயது ஜேக் டேனியல்ஸ் தன் பாலீர்ப்பை அறிவித்தார். பிரிட்டனின் ஆண்கள் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்னவர், 1990-இல் ஜஸ்டின் ஃபஷானுவுக்குப் பிறகு அவர்தான். அறிவிப்புக்கு முன்பே சக வீரர்களிடம் சொல்லிவிட்டதாகவும் அவர்கள் துணை நின்றதாகவும் டேனியல்ஸ் கூறினார். சாவில்லாமல், சதியில்லாமல், அப்படியொரு அறையை மேடையில் காட்டும் நாடகம் வேண்டும். அடுத்த வாரப் பயிற்சியையும், பெஞ்சில் காத்திருக்கும் சலிப்பையும், ஆட்டம் முடிந்து வெளியே நிற்கும் காதலனையும் சேர்த்து யாராவது எழுத வேண்டும்.