மனத்துக்கு எழுதும் அவசரச் சீட்டு

தூக்கம் பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று ஒருவர் வந்து முறையிட, வெளியே டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் கூட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் இரண்டொரு கேள்விகளோடு விசாரணையை முடித்து, சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமும் பதற்றத்தைத் தணிக்கும் குளோனசெபாமும் சேர்ந்த ஒரு மாத்திரையை எழுதி, அதன் பக்கத்தில் 0-0-1 என்று குறித்துக் கொடுத்துவிடுவது நம் ஊர்களில் நாள்தோறும் நடக்கும் காரியம். இரவில் ஒரு மாத்திரை என்று அக்குறிப்பிலிருந்து தெரிந்துகொள்ளலாம். எத்தனை இரவுகளுக்கு, எந்த நோய்க்கு, எப்போது நிறுத்துவது என்பவை பல சீட்டுகளில் இருப்பதில்லை. இவ்வழக்கத்தை மருந்துக் கம்பெனிகளின் சூழ்ச்சி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவோரும் உளர். டாக்டர் எழுதியதைக் கேள்வி கேட்பதே அபசாரம் என்று கருதுவோரும் உளர். இரு கட்சியாருமே விஷயத்தை ஆராயாமல் முடிவுக்கு வந்துவிட்டவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் மருந்தின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். 1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசைனை மனநோயாளிகளுக்குக் கொடுத்து அதன் பலனை வெளியிடும் வரையில், கடுமையான சித்தப்பிரமைக்குப் பூட்டிய அறையையும் கட்டிவைப்பதையும் இன்சுலின் மயக்கத்தையும் மின்னதிர்ச்சியையும் தவிர மருத்துவ உலகம் அறிந்திருந்த வழிகள் மிகச் சில. சில ஆண்டுகளுக்குள் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் இமிப்ரமைன் மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டறிந்தார். 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளூவாக்செட்டினும் அதன் இனத்து மருந்துகளும் பழைய மருந்துகளைவிட ஆபத்துக் குறைந்தவையாக இருந்தமையால் சாதாரண டாக்டரும் துணிந்து எழுதக்கூடியவையாயின. மருத்துவம் எட்டாத இடத்தில் மனநோயாளியின் கதி என்னவாகும் என்பதற்கு, 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் தீயில் மாண்டதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை.

மருந்து பலிக்கிறதா என்ற கேள்விக்கும் ஓரளவு நிதானமான விடை உண்டு. 2018-இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு, 522 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வுக்கான 21 மருந்துகளும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலானவை என்று கண்டது. ஆனால் அந்த மேன்மை சராசரியில் மிதமானதே. அப்பரிசோதனைகள் பெரும்பாலும் இரண்டு மாத காலத்துப் பலனையே அளந்தவை. ஆண்டுக்கணக்கில் விழுங்குவதற்கு அவற்றிலிருந்து சிபாரிசு தேடுவது பொருந்தாது. இதனோடு நம் நாட்டு நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய ஆய்வின்படி, மனநலச் சிகிச்சை தேவைப்படுவோரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அதைப் பெறாமலே இருக்கின்றனர். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிட்டாத தேசத்தில், உள்ளூர் டாக்டர் ஒருவர் துணிந்து மருந்தெழுதுவது பெரும் உபகாரம். உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணத் தொடங்கியவரிடமும், உணவையே மறுத்துப் படுத்துவிட்டவரிடமும் தாமதிப்பதுதான் குற்றம்.

இத்தனை நியாயம் இருந்தும் இவ்வழக்கத்தில் குறை எங்கே புகுகிறதென்றால், முதலில் நோயை நிர்ணயம் செய்யும் இடத்தில் புகுகிறது. தைராய்டு சுரப்புக் குறைவும், ரத்தசோகையும், பி12 வைட்டமின் பற்றாக்குறையும் மனச்சோர்வின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வரக்கூடியவை. ஒரு ரத்தப் பரிசோதனையில் வெளிப்பட்டுவிடக்கூடிய அவற்றைத் தேடாமலே மனத்துக்கு மருந்து கொடுத்தால், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைவிட அபாயமான தவறும் ஒன்றுண்டு. தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கிப் பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போன நாட்கள் முன்பு எப்போதாவது இருந்தனவா என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால், இருமுனை மனநோய் உள்ளவர் கையில் சோர்வுக்கு மட்டுமான மருந்து சேர்ந்து, அவரை உன்மத்த நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். அந்தக் கேள்விக்கு ஆகும் நேரமோ அரை நிமிஷம்.

துக்கத்தையும் நோயையும் பிரித்தறிவது இன்னும் நுட்பமான காரியம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல், அன்புக்குரியவரை இழந்தவரின் சோகத்துக்கு முன்பு அளித்திருந்த விலக்கை 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கிவிட்டது; இரண்டு வாரம் லட்சணங்கள் நீடித்தால் மனச்சோர்வு நோயென்று கொள்ள அதில் இடமுண்டு. துக்கத்தின் போர்வையில் கடும் நோய் கவனிக்கப்படாமல் போகலாகாது என்ற நல்லெண்ணம் அம்மாற்றத்திற்குக் காரணமாயினும், அதை அவசரக்காரர் கையில் கொடுத்தால், கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடியுமுன்னரே நோயாளிப் பட்டம் கிடைத்துவிடும். நூலோ விவேகத்தோடு தீர்மானிக்கச் சொல்கிறது. ஐந்து நிமிஷத்தில் விவேகத்துக்கு அவகாசமில்லை.

இரண்டாவது குறை, முடிவே குறிக்கப்படாத தூக்க மாத்திரை. டயஸிபாம், அல்பிரசோலம், குளோனசெபாம் ஆகியவை ஒரே இனத்தவை. பதற்றத்தை உடனே தணிப்பவை. தொடர்ந்து உட்கொண்டால் உடம்பைத் தம்மோடு பிணைத்துக்கொள்பவை. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே எச்சரித்தது. நம் நாட்டிலும் 2014 முதல் இவற்றுள் டயஸிபாமும் அல்பிரசோலமும் எச்1 என்னும் அட்டவணையில் அடங்கி, எழுதிய டாக்டர், வாங்கிய நோயாளி ஆகியோரின் பெயர்களோடு மருந்துக்கடைப் பதிவேட்டில் ஏற வேண்டியவை. ஆயினும், மடிப்பில் கிழிந்து ஓரம் மங்கிப்போன பழைய சீட்டையோ, வெறும் மாத்திரை அட்டையையோ காட்டி, “நரம்பு மாத்திரை ஒரு பட்டை கொடுங்கள்” என்று வாங்கிச் செல்வோரை எந்தக் கடைத்தெருவிலும் காணலாம். பத்து நாளைக்கென்று தொடங்கியது பத்து ஆண்டாக வளர்கிறது; முதுமையில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே அம்மாத்திரையின் நினைவு வீட்டாருக்கு வரும்.

மூன்றாவது குறை மௌனம். சோர்வுக்கான மருந்து பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். குமட்டலும் தலைவலியும் படபடப்புமோ முதல் வாரத்திலேயே தலைகாட்டும். இது சொல்லப்படாதபோது, மருந்தே நோயைக் கூட்டிவிட்டதென்று எண்ணி நாலாம் நாளே அதை வீசி எறிபவர் பலர். 25 வயதுக்குட்பட்டவரிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-இல் சிறுவர்க்கும் 2007-இல் இளைஞர்க்கும் கட்டாயமாக்கியது. அதை அறியாத பெற்றோர், மகனுக்குத்தான் மருந்து கொடுத்தாயிற்றே என்று கண்காணிப்பைத் தளர்த்திவிடுகிறார்கள்.

நேரமில்லை என்பது டாக்டர்களின் பதில், அது பொய்யன்று. எனினும், பேசுவதெல்லாம் டாக்டரே பேச வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை என்பதைக் கோவா காட்டியிருக்கிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சியளித்து, கடும் மனச்சோர்வுடையோரிடம் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தனர். 2017-இல் வெளியான முடிவின்படி, அப்பேச்சைப் பெற்றவர்களில் 64 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 39 சதவீதத்தினரும் நோய் தணிந்திருந்தனர். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2022-இல், மனச்சோர்வு கடுமையாக இல்லாதபோது, நோயாளியே விரும்பினாலொழிய முதற்படியாக மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று வழிகாட்டியது.

ஆகவே, விரைவாய் எழுதப்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு சீட்டைக் குறைசொல்வது நியாயமாகாது; காரணமும், கால எல்லையும், மறுபடி வந்து பார்க்க வேண்டிய தேதியும் சொல்லப்படாத சீட்டு எவ்வளவு நிதானமாய் எழுதப்பட்டாலும் குறையுடையதே. இவற்றைக் கேட்டறிவது டாக்டரின் தயவை நாடுவதன்று. நோயின் தன்மையையும், சிகிச்சையையும், அதன் பக்கவிளைவுகளையும், தமக்கு விளங்கும் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு அளித்திருக்கிறது. மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்த வள்ளுவரும் மருந்துக்கும் மருத்துவனுக்கும் முன்பாக நோயாளியையே வைத்தார்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு, உட்கொண்டுவரும் மருந்தை இன்றிரவே யாரும் நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் சோர்வுக்கான மருந்து தலைச்சுற்றலையும் பதற்றத்தையும் தரும். தூக்க மாத்திரையோ வலிப்பையே வரவழைக்கலாம். இது எந்த நோய்க்கு, எவ்வளவு காலத்துக்கு, என்ன தொல்லை வரலாம், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்ற நான்கையும் அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். அவர் விடை சொல்ல மறுத்தால் வேறு டாக்டரிடம் போங்கள்.