இரும்புக்குள் பார்க்கும் படம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர்ப் பக்கத்துப் பட்டறைகளிலும் தகட்டோடு தகட்டைச் சேர்க்கும் வெல்டிங்கை மேலே தடவிப் பார்த்துத் தரம் சொல்லிவிட முடியாது. உள்ளே பார்க்க எக்ஸ்ரே வேண்டும்.

எக்ஸ்ரே குழாய்க்குள் 2 லட்சம் வோல்ட் உந்தித் தள்ளும் எலெக்ட்ரான்கள் டங்ஸ்டனில் மோதுகின்றன. அவற்றின் ஆற்றலில் 98 சதவீதத்துக்கும் மேல் வெறும் சூடாகிப் போகிறது. மிஞ்சுகிற துளிதான் இரும்பைத் துளைத்துப் பிலிமைத் தொடும் கதிர். 3,422 டிகிரி செல்சியஸ் வரை உருகாததால் டங்ஸ்டன் அங்கே தாக்குப்பிடிக்கிறது.

அந்தப் பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து அனுபவசாலி ஒருவர் படிப்பதைப் பார்க்க வேண்டும். வெல்டிங்கோடு சேர்த்துப் படமெடுத்த மெல்லிய சோதனைக் கம்பி தெரிகிறதா என்றுதான் முதலில் தேடுவார். தெரிந்தால்தான் படத்தையே நம்புவார். காற்றுக்குமிழ் கரும்புள்ளி, விரிசல் மெல்லிய கருங்கோடு. நான் அதிகம் வியப்பது வெள்ளைப் புள்ளியைத்தான். டிக் வெல்டிங்கில் மின்முனையிலிருந்து உடைந்து உள்ளே சிக்கிய டங்ஸ்டன் துணுக்கு அது. கதிரைப் பிறப்பித்த அதே உலோகம் இங்கே கதிரை மறித்து, குறையைக் காட்டிக்கொடுக்கிறது! எத்தனை அழகான நேர்மை.

படமெடுக்கும்போது கதிர்வீச்சுச் சின்னத்தோடு கயிறு கட்டியிருப்பார்கள். எவ்வளவு அவசரமானாலும் அதைத் தாண்டாதீர்கள்.